திரைக்குப் பின்னால் நின்ற ஒன்பது வயது

அன்புள்ள அக்கா,

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். அப்பா இங்கே ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். நான் கடைசிப் பிள்ளை. அவர் பென்ஷனில் வந்த அன்று எனக்கு ஒன்பது வயது. பட்டறையில் மாலை போட்டு அனுப்பி வைத்தார்கள். வீட்டுக்கு வந்தவர் ஹாலில் விளக்கைக்கூடப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். காலையில் கொண்டுபோன தூக்குச்சட்டியைத் திறந்திருக்கவே இல்லை. நான் அடுப்படித் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். 'இப்பப் போய்ப் பேசாதே' என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தச் சாயங்காலத்தை ஒரே ஒரு படமாக எடுக்க ஆசைப்பட்டேன். அதே வீடு, அதே அப்பா. பழைய சீருடையைப் போடச் சொன்னேன். பக்கத்தில் வாடிய மாலை, நின்றுபோன கடிகாரம், ஆறிய தேநீர், சுவரில் தாத்தா படம். சோகமாக இருங்கள் என்று சொல்லி 140 படங்கள் எடுத்தேன். ஒன்றிலும் அந்தச் சாயங்காலம் இல்லை. தீபாவளிக்குப் போடும் டிவி நாடகம் மாதிரி இருக்கிறது. 'நடிக்க வைத்து எடுப்பதே பொய், அதனால்தான் வரவில்லை' என்கிறார் படம் எடுக்கும் நண்பர் ஒருவர். அப்படித்தானா? ஒரு படத்தை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
செந்தூல் வாசகி
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புத் தங்கைக்கு,

படத்தைத் திறக்கும் முன்பே கடிதத்தைப் படித்துவிட்டேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்ட இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. அப்புறம் படத்தைப் பார்த்தேன். அப்பா இருக்கிறார், வீடு இருக்கிறது. உங்களைத்தான் காணோம்.

நண்பர் சொன்னதை முதலில் முடித்துவிடுகிறேன். புகைப்படம் என்ற ஒன்று உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். மறு ஆண்டே பிரான்சில் இப்போலித் பயார், தான் நீரில் மூழ்கி இறந்துபோனதாகத் தன்னையே படம் எடுத்துக்கொண்டார். தன்னுடைய கண்டுபிடிப்பை அரசாங்கம் கண்டுகொள்ளவில்லை என்ற மனத்தாங்கல் அவருக்கு. அமைத்து எடுப்பது அவ்வளவு பழையது. செய்திப் படம் என்று சொல்லிக் கொடுத்தால் பொய். 'என் நினைவிலிருந்து அமைத்தது' என்று கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள், யாருக்கும் கடன்பட மாட்டீர்கள்.

படம் ஏன் வரவில்லை என்பதற்கு விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கேமராவை ஹாலின் நடுவில், வளர்ந்த ஆளின் கண் உயரத்தில், அப்பாவுக்கு நேர் எதிரே வைத்திருக்கிறீர்கள். அன்றைக்கு அந்த இடத்தில் யார் நின்றார்கள்? ஒருவரும் இல்லை. நீங்கள் திரைக்குப் பின்னால் இருந்தீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 120 சென்டிமீட்டரில் இருக்கும். கேமராவைத் தாங்கும் முக்காலியை அந்த உயரத்துக்கு இறக்கி அடுப்படி வாசலில் வையுங்கள். திரையின் ஓரம் படத்தில் கால்வாசியை மறைக்கட்டும், மங்கலாக. 35 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் அதுவே போதும். அப்பா சின்னதாகத் தெரிவாரே என்று ஜூம் பண்ணிவிடாதீர்கள். அன்று அவர் உங்களுக்கு அவ்வளவு தூரத்தில்தான் இருந்தார்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. இங்கே பினாங்கின் ஜார்ஜ்டவுனில், குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் பக்கம் மாலை கட்டும் அத்தை ஒருவர் கடையை மூடப்போகிறார் என்று தெரிந்ததும், அந்தக் கடைசி இரவை அமைத்து எடுக்கக் கேட்டேன். சம்மதித்தார். முதல் நாள் கடைக்கு முன்னால் நின்று எடுத்தேன். வந்தது, பூ வாங்க வந்தவர் எடுத்த படம். அத்தையும் 'எத்தனை முழம்?' என்று கேட்கிற முகத்தோடுதான் இருந்தார். இரண்டாம் நாள் ஒரு விளக்கை நகர்த்துவதிலேயே நேரம் போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தால் வானம் கறுத்துவிட்டது. மூன்றாம் நாள் அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் ஓடும் கூரை போட்ட நடைபாதையில், இரண்டு கடை தள்ளி, தூணுக்குப் பின்னால் கேமராவை வைத்தேன். பக்கத்துக் கடைக்காரர் கதவடைக்கும்போது தற்செயலாகத் திரும்பினால் எங்கிருந்து பார்ப்பாரோ, அந்த இடம்.

'சும்மா உட்காருங்கள் அத்தை' என்றேன். 'வெறுங்கையோட எப்படிம்மா உட்கார்றது?' என்றார். முப்பது வருஷம் கட்டிய கை. மிச்சமிருந்த நூலைக் கொடுத்தேன். பூ இல்லை, வெறும் நூல். அதை இடது கையின் இரண்டு விரலில் சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார். விரல் நுனி வெளுத்தது. பிறகு கத்தரியைத் தேடாமல் பல்லால் கடித்து அறுத்தார். படம் அந்தக் கடிக்கு ஒரு நொடி முந்தியது. முகம் பாதிதான் தெரிகிறது.

அதனால் அப்பாவிடம் 'சோகமாக இருங்கள்' என்று இனிமேல் சொல்லாதீர்கள். யாராலும் முடியாது, புருவம்தான் சுருங்கும். கைக்கு வேலை கொடுங்கள். அன்று உட்கார்ந்ததும் என்ன செய்தார் என்று கேட்டுப் பாருங்கள். சப்பாத்தைக் கழற்றினாரா? சட்டைப் பையிலிருந்து எதையாவது எடுத்தாரா? அதையே மெதுவாக, பல தடவை செய்யட்டும்.

முகமே தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 1858இல் இங்கிலாந்தில் ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரு படம் செய்தார். காசநோயில் இறந்துகொண்டிருக்கும் பெண், சுற்றிலும் வீட்டார். அந்தப் பெண்ணாக இருந்தவர் நல்ல ஆரோக்கியமானவர்தான். அப்படியும், ஒரு வீட்டின் துக்கத்துக்குள் இப்படி எட்டிப் பார்க்கலாமா என்று பார்த்தவர்கள் சங்கடப்பட்டார்கள். அதில் எனக்கு மறக்காதது ஜன்னலோரம் நமக்கு முதுகைக் காட்டி வெளியே பார்த்து நிற்கும் ஆண். படுக்கையைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை என்பதை அந்த முதுகு சொல்லிவிடுகிறது.

இனிப் பொருள்கள். வாடிய மாலை, கடிகாரம், தேநீர், தாத்தா படம்: நான்கும் ஒரே சொல்லை நான்கு தடவை கத்துகின்றன. எடுத்துவிடுங்கள். தூக்குச்சட்டி மட்டும் இருக்கட்டும், மூடியபடி. அதைக் கடிதத்தில் எழுதிய நீங்கள் படத்தில் ஏன் விட்டுவிட்டீர்கள் என்றுதான் தெரியவில்லை. அம்மாவின் கையைத் திரையோரம் காட்டலாமா என்று நானும் யோசித்தேன். வேண்டாம். கை தெரிந்தால் பார்ப்பவருக்குப் பதில் கிடைத்துவிடும். உள்ளே போகாமல் யாரோ தடுத்து நிறுத்தியதைத் திரையே உணர்த்தட்டும்.

வெளிச்சத்துக்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். உங்கள் படத்தில் ஃபிளாஷ் எல்லாவற்றையும் ஒன்றுபோல் கழுவிவிட்டது. அப்பா விளக்கைப் போடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஹாலுக்கு வெளிச்சம் ஜன்னல் வழியாகத்தான் வந்திருக்கும்: கொஞ்சம் வானம், கொஞ்சம் தெருவிளக்கு. அந்தக் காலத்துத் தெருவிளக்கு சோடியம், ஆரஞ்சு. இப்போது உங்கள் தெருவில் வெள்ளை எல்இடிக்கு மாற்றியிருந்தால், சின்ன விளக்கு ஒன்றில் ஆரஞ்சு ஜெல் தாளை (வெளிச்சத்துக்கு நிறம் தரும் கண்ணாடித் தாள்) சுற்றி ஜன்னலுக்கு வெளியே வையுங்கள். அடுப்படியில் டியூப் லைட் எரியட்டும். அது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகும். ஆகவே வெள்ளை வெளிச்சம் தரையில் நீண்டுபோய் அப்பாவின் கால்மாட்டுக்கு வரும்போது அநேகமாகத் தீர்ந்திருக்கும். அவரைத் தொடாமல் நிற்க வேண்டும். தொட்டால் திரையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிடுங்கள். கேமரா வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். கேமரா ஆரஞ்சைச் சரிசெய்கிறேன் என்று கொன்றுவிடும். 4000 கெல்வின் பக்கம் நிறுத்தி வைத்தால் தெரு வெளிச்சம் ஆரஞ்சாகவும் வானம் நீலமாகவும் நிற்கும்.

நேரம் ரொம்பக் குறைவு. கோலாலம்பூரில் சூரியன் ஏழு மணியிலிருந்து ஏழரைக்குள் விழுகிறது. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சரிந்து இறங்காமல் ஏறக்குறைய நேராக இறங்கிவிடும். அந்தி இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. அதிலும் ஜன்னல் வானமும் தெருவிளக்கும் சம அளவில் இருப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் அப்பாவை உட்கார வைத்து, விளக்கை நகர்த்தி, எல்லாம் நடக்காது. மூன்று சாயங்காலம் அவர் இல்லாமலே ஒத்திகை பாருங்கள். நாற்காலியில் பத்துக் கிலோ அரிசிப் பையை வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கால் நொடி வரை ஷட்டரைத் திறக்க வேண்டிவரும். மூச்சை வெளியே விட்டு நிறுத்தினால் கை அசையாது, அதையும் அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நான்காம் நாள் அவரைக் கூப்பிட்டால் போதும். 140 படம் தேவைப்படாது.

ஒன்றை மட்டும் எடுப்பதற்கு முன் அவரிடம் கேட்டுவிடுங்கள். திரைக்குப் பின்னால் நீங்கள் நின்றது அன்றைக்கு அவருக்குத் தெரியுமா? தெரியாது என்றால் முகம் ஜன்னல் பக்கம் இருக்கட்டும். தெரியும் என்றால் தலையை உங்கள் பக்கம் ஒரு விரற்கடை திருப்பச் சொல்லுங்கள். கண் வேண்டாம், காது தெரிந்தால் போதும்.

படம் வந்ததும் அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா
பினாங்கு