திடலுக்கு ஏற்ற போட்டி, போட்டிக்கு ஏற்ற கார்: வாசகர் கேள்வி–பதில்

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இம்மாதம் வந்த கடிதங்களுள் ஐந்து, ஆர்.சி. கார் எனப்படும் தொலைக்கட்டுப்பாட்டுக் கார்களைப் பற்றியவை. தோட்டத் திடல்களிலும் பலநோக்கு மண்டபங்களிலும் நம் பிள்ளைகள் இவற்றை ஓட்டத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆகவே, இம்முறை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியுள்ளேன்.

கேள்வி: ஐயா, என் மகன் படிவம் இரண்டில் படிக்கிறான். தீபாவளி அங்பாவ் பணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பந்தயத்திற்கு ஏற்ற ஆர்.சி. கார் வேண்டும் என்கிறான். ஈப்போவில் ஒரு கடைக்காரர் தார்ச்சாலைக் காரைக் காட்டுகிறார், மற்றொருவர் மேடுபள்ளத்தில் ஓடும் காரைக் காட்டுகிறார். எத்தனை வகைப் போட்டிகள் உள்ளன? எதை வாங்குவது?
– ஒரு தந்தை, செம்பனைத் தோட்டம்

பதில்: கடைக்குப் போகும் முன்பே, மகன் எந்தத் தரையில் ஓட்டப்போகிறார் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். இந்தப் போட்டிகள் பெரும்பாலும் தரையை வைத்தே பிரிந்திருக்கின்றன. ஒரு தரைக்கென்று செய்த காரை வேறொரு தரையில் ஓட்டினால் காரும் கெடும், பிள்ளையின் ஆர்வமும் கெடும்.

முதல் வகை, தார்த்தரையிலோ கம்பளம் விரித்த உள்ளரங்கிலோ நடக்கும் சாலைக்கார்ப் பந்தயம். இதில் பரவலாக ஓடுவது, அசல் காரின் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள டூரிங் கார். பந்தயத்திற்குத் தயார் செய்யப்பட்ட டூரிங் காரின் அடிப்பலகைக்கும் தரைக்கும் இடையே ஏறத்தாழ 5 மில்லிமீட்டர்தான் இடைவெளி இருக்கும். பள்ளியின் கார் நிறுத்துமிடம் நம் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும், அங்கே கிடக்கும் ஒரு சிறு கல் போதும், அடிப்பலகையைக் கீறிக் காரைத் தூக்கி எறிவதற்கு. முறையாகப் பெருக்கிப் பராமரிக்கப்படும் ஓடுதளம் அருகில் இல்லாதவர்கள் இந்த வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இரண்டாவது, மண்தரையில் மேடுகளைத் தாவிச் செல்லும் பக்கி கார்களின் பந்தயம். நீண்ட அதிர்வுத் தாங்கிகளும் முள் டயர்களும் இவற்றுக்கு உண்டு. மின்மோட்டாரில் ஓடும் பத்தில் ஒரு பங்கு பக்கிகளுக்கான முதல் உலகப் போட்டி 1985-இல் கலிபோர்னியாவின் டெல் மாரில் நடந்தது. 1979-இல் அமைந்த இஃப்மார் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு, ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை உலகப் போட்டியை நடத்தி வருகிறது. எட்டில் ஒரு பங்கு அளவுள்ள நைட்ரோ பக்கிகள், மின்மோட்டாருக்குப் பதில் எரிபொருள் இயந்திரத்தால் இதே மண்தரையில் ஓடும் பெரிய கார்கள். அவற்றின் இயந்திரக் கொள்ளளவு 3.5 சிசி, எரிபொருள் தொட்டி 125 சிசி. உலகப் போட்டியின் இறுதிச் சுற்று ஒரு மணி நேரம் நீடிப்பதால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை கார் ஓரத்துக்கு வந்தாக வேண்டும். துணைவர் காரைத் தூக்கிப் பிடித்து, எரிபொருளைப் பீய்ச்சி நிரப்பி, சில விநாடிகளில் மீண்டும் தரையில் விடுவார். பார்ப்பதற்கு இதைவிடச் சிறந்த ஆர்.சி. பந்தயம் இல்லை என்பேன். ஆயினும் முதல் காராக நைட்ரோ வேண்டாம். இயந்திரத்தின் ஒலியைக் கேட்டு எரிபொருள் கலவையைத் திருத்தும் பழக்கம் வர நாளாகும். மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த அந்த எரிபொருள் எளிதில் தீப்பற்றும் என்பதையும் மறக்கக்கூடாது.

மூன்றாவது, வேகத்திற்கே இடமில்லாத க்ராலர் போட்டி. தோட்டப்புறத்திற்கு இதைப்போல் பொருந்தும் வகை வேறில்லை. பாறை, மரவேர், வாய்க்கால் கரை, ஏற்றம், சேறு ஆகியவற்றின் ஊடே இரண்டிரண்டு கம்பங்களை வாசல்போல் நட்டு வரிசை எண் இடுவார்கள். சிறிய நான்கு சக்கர இயக்க வண்டியை அந்த வாசல்கள் வழியே, குறித்த நேரத்துக்குள், கவிழாமல் நகர்த்திச் செல்ல வேண்டும். பின்னோக்கிச் செலுத்தினால் ஒரு புள்ளி, கம்பத்தைத் தொட்டால் பத்துப் புள்ளி என்ற அளவில் பல மன்றங்களில் தண்டம் சேரும். ஆகக் குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். நம் மலேசிய மழைக்காட்டில் 1997 முதல் நடந்துவரும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் ஜீப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு இதன் சுவை உடனே விளங்கும். சில போட்டிகளில் வண்டியின் தோற்றத்துக்கும் மதிப்பெண் உண்டு என்பதால், ஓட்டுநர் பொம்மை, உபரிச் சக்கரம், இழுவைக் கயிற்றுப் பொறி முதலியவற்றைப் பிள்ளைகள் ஆசையோடு பொருத்துவார்கள்.

நான்காவது, டிரிப்ட். வழவழப்பான சிமெண்டுத் தரையில், பிடிப்பே இல்லாத கெட்டி நெகிழி டயர்களோடு, காரைப் பக்கவாட்டில் சறுக்க வைத்து வளைவுகளைக் கடக்கும் கலை இது. பின்சக்கர இயக்கக் கார்களில் ஜைரோ என்னும் சிறு கருவி, பின்புறம் விலகும்போது முன்சக்கரத்தைத் தானே எதிர்ப்பக்கம் திருப்பிக் கொடுக்கும். கடந்த பாதை, சறுக்கிய கோணம், ஓட்டிய பாங்கு ஆகியவற்றை நடுவர்கள் மதிப்பிடுவார்கள். இணை ஓட்டத்தில் ஒருவர் முன்னே செல்ல, மற்றவர் இடிக்காமல் ஒட்டியபடி தொடர வேண்டும். பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்வர். பூப்பந்து ஆடும் சிமெண்டு மண்டபம் இதற்குப் போதும்.

இவை தவிர, 132 அடி நேர்க்கோட்டில் இருவர் மோதும் டிராக் பந்தயமும் உண்டு. அசல் கார்கள் ஓடும் கால் மைலான 1,320 அடியின் பத்தில் ஒரு பங்கு அது. உச்ச வேகத்தை மட்டும் அளக்கும் ஓட்டமும் உண்டு. 2014-இல் அமெரிக்காவில் ஒரு கார் மணிக்கு 325 கிலோமீட்டரை எட்டியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது ஏற்றதன்று.

தோட்டத்தில் வாழும் உங்கள் மகனுக்கு க்ராலரையோ, பத்தில் ஒரு பங்கு மின்மோட்டார் பக்கியையோ பரிந்துரைக்கிறேன். வேகம்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றால் பக்கி. முழுமையாகப் பொருத்தப்பட்ட காரைவிட, பிரித்த பாகங்களாகப் பெட்டியில் வருவதை வாங்கிக் கொடுங்கள். தம் கையால் பொருத்தியவருக்கே உடைந்த பாகத்தை மாற்றவும் தெரியும்.

கேள்வி: என் இளைய மகன் வைத்திருக்கும் மினி 4டபிள்யுடி காரும் இந்தப் போட்டிகளில் சேருமா?
– ஓர் அம்மா, சுங்கை சிப்புட்

பதில்: சேராது, அம்மா. டமியா நிறுவனம் 1982-இல் கொண்டுவந்த அந்தக் கார்களுக்கு ரிமோட் கிடையாது. இரண்டு சிறு பேட்டரிகளின் விசையில், சுவர் வைத்த பாதைக்குள் பக்க உருளைகள் உரச அவை தாமே ஓடும். கையை விட்டபின் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதால் வெற்றி முழுவதும் முன் தயாரிப்பில் இருக்கிறது. மோட்டார், பல்சக்கர விகிதம், எடை, உருளை ஆகியவற்றைத் தெரிந்துகொள்ள இதைவிடச் செலவு குறைந்த பள்ளிக்கூடம் இல்லை. அவர் விருப்பம்போல் ஓட்டட்டும்.

கேள்வி: ஐயா, நான் படிவம் ஐந்து மாணவன். அண்ணன் ஒருவரோடு ஈப்போவில் ஒரு பக்கிப் பந்தயம் பார்க்கப் போனேன். கோட்டை முதலில் தாண்டியவர் முதலாவது இல்லை என்று அறிவித்தார்கள். 13.5, 17.5 என்று எண்களைச் சொல்லிப் பிரித்தார்கள். ஒன்றும் புரியவில்லை.

பதில்: தம்பி, நீங்கள் பார்த்தது தகுதிச் சுற்றாக இருக்க வேண்டும். அதில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு இடைவெளியில் புறப்படும். ஒவ்வொருவரும் போட்டியிடுவது கடிகாரத்தோடுதான். மின்மோட்டார்ப் பிரிவில் பொதுவாக ஐந்து நிமிடம் ஓடுவார்கள். நேரம் முடிந்ததும் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் சுற்றை முடித்துவிட்டு நிற்க வேண்டும். ஆகவே முடிவை, 18 சுற்று, 5 நிமிடம் 12 விநாடி என்று எழுதுவார்கள். 18 சுற்றை 5 நிமிடம் 15 விநாடியில் முடித்தவர் இவருக்குப் பின்னால் நிற்பார். 19 சுற்று ஓடியவர், 5 நிமிடம் 16 விநாடி எடுத்திருந்தாலும், இவருக்கு முன்னால் நிற்பார். ஒவ்வொரு காரிலும் தனி எண் கொண்ட டிரான்ஸ்பாண்டர் என்னும் சிறு கருவி இருக்கும். ஓடுதளத்தின் அடியில் பதித்த கம்பி வளையம் அந்த எண்ணைப் படித்துக் கணினிக்கு அனுப்பும்.

தகுதிச் சுற்றின் வரிசைப்படி முதல் பத்துப் பேர் ஏ இறுதிக்கும், அடுத்த பத்துப் பேர் பி இறுதிக்கும் போவது வழக்கம். இறுதியில் எல்லாரும் ஒரே நேரத்தில் புறப்படுவதால், முதலில் கோட்டைத் தாண்டுபவரே அந்த ஓட்டத்தின் முதல்வர். மின்மோட்டார்ப் பந்தயங்களில் ஏ இறுதியைப் பெரும்பாலும் மூன்று முறை ஓட்டி, ஒருவரின் சிறந்த இரண்டு முடிவுகளைக் கணக்கில் கொள்வார்கள். நைட்ரோவிலோ, கீழ் இறுதியில் முன்னணி பெற்றவர்கள் மேல் இறுதிக்கு ஏறி, அங்கே கடைசி வரிசையிலிருந்து புறப்படும் வாய்ப்பு உண்டு. அப்படி ஏறி வந்தவர் முன்னேறுவதைக் காணும்போது கூட்டம் முழுவதும் எழுந்து நிற்கும்.

நீங்கள் கேட்ட எண்கள், மோட்டாரில் கம்பி சுற்றப்பட்ட எண்ணிக்கையைக் குறிப்பன. 21.5, 17.5, 13.5 என எண் குறையக் குறைய வேகம் கூடும். ஸ்டாக் எனப்படும் கட்டுப்பாட்டுப் பிரிவில் எல்லாருக்கும் ஒரே சுற்று எண்ணிக்கையுள்ள மோட்டார்தான். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மின்னோட்டத்தைச் சற்று முன்கூட்டியே கொடுத்து மோட்டாரின் வேகத்தைக் கூட்டும் வசதியும் அணைக்கப்பட்டிருக்க வேண்டும். அணைத்த நிலையில் அக்கருவியின் சிறு விளக்கு விட்டுவிட்டு மின்னும். பரிசோதகர் குனிந்து அந்த விளக்கைப் பார்த்துவிட்டே காரை உள்ளே விடுவார். திறந்த பிரிவில் இந்தக் கட்டுப்பாடுகள் இல்லை, பணச் செலவுக்கும் எல்லை இல்லை. புதியவர்கள் ஸ்டாக் பிரிவிலேயே இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். அங்கேதான் செம்பனை வெட்டுபவரின் பிள்ளையும் வசதியானவரின் பிள்ளையும் ஒரே வேகத்தில் புறப்படுகிறார்கள், வளைவை யார் சுத்தமாக எடுக்கிறார் என்பது வெற்றியை முடிவு செய்கிறது.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். தம் ஓட்டம் முடிந்ததும் அடுத்த ஓட்டத்துக்கு மார்ஷலாக நின்று, கவிழ்ந்த கார்களை நிமிர்த்தி விடுவது ஒவ்வொரு போட்டியாளரின் கடமை. அதைத் தட்டிக் கழித்தவரின் சிறந்த சுற்று முடிவை நீக்கும் மன்றங்களும் உண்டு.

கேள்வி: நாங்கள் இருப்பது மரத்தரை போட்ட பழைய லயத்து வீடு. மகன் இரவில் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிறான். பயமாக இருக்கிறது.
– ஓர் அம்மா

பதில்: உங்கள் பயம் நியாயமானது, அம்மா. பந்தயக் கார்களில் உள்ளவை பெரும்பாலும் லிப்போ எனப்படும் லித்தியம் பாலிமர் பேட்டரிகள். இரண்டு அறை (செல்) கொண்ட லிப்போ 7.4 வோல்ட் எனக் குறிக்கப்படும், முழுதாக ஏறினால் 8.4 வோல்ட். அதற்கு மேல் ஏற்றினாலோ, பழைய நிக்கல் வகைப் பேட்டரிக்கான சார்ஜரில் போட்டாலோ அது உப்பித் தீப்பிடிக்கக்கூடும். தீ பிடித்துவிட்டால் அணைப்பது கடினம். லிப்போவுக்கென்றே செய்த, இரண்டு அறைகளையும் சமமாக நிரப்பும் சார்ஜரை மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள். தீத்தடுப்புப் பைக்குள் பேட்டரியை வைத்து, வீட்டுக்கு வெளியே சிமெண்டுத் தளத்தில், ஒருவர் விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டுமே சார்ஜ் செய்ய வேண்டும். ஓட்டாத வாரங்களில் ஓர் அறைக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்திருப்பது நல்லது. உப்பிய பேட்டரியை, இன்னும் ஓடுகிறதே என்று வைத்துக்கொள்ள அனுமதிக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்து இளைஞர்கள் பத்துப் பேர் கார் வைத்திருக்கிறோம். கோயில் திடலுக்குப் பக்கத்துச் செம்மண் காலியிடத்தில் நாங்களே ஒரு போட்டி நடத்த முடியுமா?
– தோட்ட இளைஞர்கள்

பதில்: தாராளமாக முடியும். தோட்ட நிர்வாகத்திடம் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள், கோயில் பொறுப்பாளர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஓடுதளத்தின் ஓரங்களுக்குக் கல்லையோ மரக்கட்டையையோ வைக்காமல், நெளிவுள்ள வடிகால் குழாயை வளைத்து ஆணி அடியுங்கள். கார் மோதினாலும் அச்சு முறியாது. ஓட்டுநர்கள் அனைவரும் ஓர் உயரமான இடத்தில் வரிசையாக நின்று ஓட்ட வேண்டும், நிறுத்திய லாரியின் தட்டே போதும். பார்வையாளர்களை, குறிப்பாகச் சிறு பிள்ளைகளை, வேலிக்கு அப்பால் நிறுத்துங்கள். ஒன்றரைக் கிலோ எடையுள்ள கார் வேகமாக வந்து கணுக்காலில் அடித்தால் எலும்பே முறியலாம்.

டிரான்ஸ்பாண்டர் இல்லை என்று தயங்க வேண்டாம். ஓர் ஓட்டத்தில் நான்கு கார்களை மட்டும் விட்டு, காருக்கு ஒருவர் தாளில் சுற்றுகளைக் குறித்தால் கணக்குச் சரியாக வரும். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் யாரிடமாவது இருந்தால் முன்கூட்டியே கேட்டறியுங்கள். ஒரே அலைவரிசைப் படிகம் (அலைவரிசையை நிர்ணயிக்கும் கிரிஸ்டல்) உள்ள இருவர் ஒன்றாக ஓட்டினால் ஒருவரின் கார் மற்றவர் கைக்குக் கட்டுப்படும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகளில் இந்தத் தொல்லை இல்லை.

பத்துப் பேரும் பணம் போட்டு 540 என்ற அளவுப் பெயர் கொண்ட ஒரே வகையான மோட்டார்கள் பத்தை வாங்கி, பந்தய நாளன்று காலையில் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொன்று கொடுத்து, மாலையில் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். பெரிய போட்டிகளிலும் கையாளப்படும் முறைதான் இது. யார் அதிகம் செலவழித்தார் என்ற பேச்சுக்கே இடமிராது.

செம்மண் தூசு நுண்ணியது. அது பேரிங்குகளுக்குள் புகுந்து அரைத்துவிடும் என்பதால் ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் பழைய பல் தூரிகையால் சக்கர அச்சுகளையும் பல்சக்கர உறையையும் தேய்த்துத் துடையுங்கள். மழை வந்துவிட்டால் பக்கிப் பந்தயத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்து, நீர் புகாத மின்கருவிகள் பொருத்திய வண்டிகளைக் கொண்டு வாய்க்கால் கரையில் க்ராலர் சுற்றை நடத்தலாம். அன்று மாலையே பேரிங்குகளைக் கழற்றி உலர்த்தி எண்ணெய் விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் மறுநாளே துரு ஏறியிருக்கும்.