மெடிச்சி தொடரை எந்த மொழியில் பார்ப்பது, யாருடைய கருத்தை நம்புவது?

கேள்வி: என் மகள் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். இந்த செமஸ்டரில் ஐரோப்பிய மறுமலர்ச்சி பாடம். 'மெடிச்சி' தொடரைப் பார்த்தால் உதவும் என்கிறார்கள் தோழிகள். பார்த்தவர்களின் கருத்துகளைப் படித்தால் தலை சுற்றுகிறது. ஒருவர் அருமை என்கிறார், அடுத்தவர் வரலாற்றைக் கெடுத்துவிட்டார்கள் என்கிறார். ஆங்கிலத்தில் பார்க்கவே கூடாது, இத்தாலிய ஒலியில்தான் பார்க்க வேண்டும் என்று நிறையப் பேர் அடித்துச் சொல்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் மூன்று சீசனும் 'ஒரிஜினல் இத்தாலியன்' என்று மலிவாகத் தருகிறாராம். வாங்கலாமா? எட்டாம் வகுப்புப் படிக்கும் மகனும் கூட உட்காரலாமா?

பதில்: முதலில் அந்த வியாபாரத்தை நிறுத்துங்கள். அவர் 'ஒரிஜினல்' என்று விற்பது டப்பிங்.

இத்தாலியின் ராய் தொலைக்காட்சிக்காக, ஃபுளோரன்ஸ் நகரத்தில் வங்கி நடத்திச் செல்வாக்குப் பெற்ற மெடிச்சி குடும்பத்தின் கதையை, இத்தாலியிலேயே படமாக்கினார்கள். ஆனால் படப்பிடிப்பு நடந்தது ஆங்கிலத்தில். வெளிநாடுகளுக்கு விற்க வேண்டும் என்று முதலிலிருந்தே திட்டமிட்ட கூட்டுத் தயாரிப்பு அது. முதல் சீசனில் கோசிமோவாக வரும் ரிச்சர்ட் மேடன், அப்பா ஜொவான்னியாக வரும் டஸ்டின் ஹாஃப்மன் இருவரும் கேமரா முன்னால் பேசியது ஆங்கிலம். 2016 அக்டோபரில் ராய் 1 சேனலில் இத்தாலியர்கள் கேட்டது வேறொருவர் கொடுத்த குரல். ஹாஃப்மன் முகத்தை நெருக்கத்தில் காட்டும் ஒரு காட்சியை இத்தாலிய ஒலியில் வைத்துப் பாருங்கள், வாய் ஒரு பக்கம் போகும், பேச்சு ஒரு பக்கம் போகும். ஆகவே ஆங்கில ஒலி, ஆங்கில சப்டைட்டில். உங்கள் மகளுக்கு இதுதான் சரி.

அப்படியானால் இத்தனை பேர் ஏன் இத்தாலிய ஒலியைச் சொல்கிறார்கள்? வேறொரு தொடருக்குப் பொருந்தும் அறிவுரையைக் கொண்டுவந்து இதில் ஒட்டுகிறார்கள். 2018-ல் தொடங்கிய 'லாமிக்கா ஜெனியாலே', ஆங்கிலத்தில் 'மை பிரில்லியன்ட் ஃபிரண்ட்', நேப்பிள்ஸ் நகரத்து ஏழைக் குடியிருப்பில் 1950-களில் தொடங்கும் இரண்டு சிறுமிகளின் கதை. அங்கே வீட்டிலும் தெருவிலும் பேசுவது நேப்பிள்ஸ் வட்டார மொழி. பள்ளிக்கூடத்தில் பேசுவது பொது இத்தாலியம். இத்தாலியிலேயே சப்டைட்டில் போட்டுத்தான் ஒளிபரப்பினார்கள், அவ்வளவு வித்தியாசம். மேலே படிக்கப் போகும் எலெனாவின் பேச்சு மெல்ல மெல்லப் பொது மொழிக்கு மாறும். படிப்பை நிறுத்தப்பட்ட லீலாவின் கோபம் வட்டார மொழியில்தான் வெடிக்கும். யார் எந்த நேரத்தில் எந்த மொழிக்குத் தாவுகிறார்கள் என்பதில்தான் வறுமையும் படிப்பும் அந்தஸ்தும் தெரியும். இதை எந்த மொழியில் டப் செய்தாலும் கதையில் பாதி போய்விடும். அதனால் அந்தத் தொடரை டப்பிங்கில் பார்க்காதீர்கள், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மகளுக்குப் பிறகு நேரம் கிடைத்தால், சப்டைட்டில் படிக்கச் சிரமமாக இருந்தாலும் அதை அப்படியேதான் பார்க்க வேண்டும். மெடிச்சியில் இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது.

ஒளிபரப்பும் நிறுவனங்கள் இதைத் தெளிவாகப் போட்டாலே போதும். 'இத்தாலித் தொடர்' என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள், எந்த மொழியில் எடுத்தது என்பதை ஒலி மெனுவுக்குள் போய்த் தேட வேண்டியிருக்கிறது. உரிமையை நாட்டுக்கு நாடு தனித்தனியாக விற்பதால் இந்த மாதம் இருக்கும் தொடர் அடுத்த மாதம் காணாமல் போகிறது. சந்தா கட்டியவருக்கு ஒரு தகவல் கூட வருவதில்லை. இந்த ஓட்டையில்தான் உங்களுக்குத் தெரிந்தவர் மாதிரி ஆட்கள் புகுந்துகொள்கிறார்கள்.

இவர்களைப் பற்றி விவரமாகவே சொல்கிறேன். ஒரே சந்தாக் கணக்கைப் பலருக்குப் பிரித்து விற்பார்கள். நிறுவனம் அதை முடக்கியதும் இவர்கள் போன் எடுக்க மாட்டார்கள். சிலர் 'உங்கள் போனுக்கு ஒரு ஓடிபி வரும், சொல்லுங்கள், திறந்து தருகிறேன்' என்பார்கள். ஓடிபி கேட்டவரிடம் அதற்குமேல் பேச்சே வேண்டாம். கோப்பாகத் தருகிறவர்களிடம் வேறு தந்திரம். இந்தத் தொடரின் இரண்டாவது, மூன்றாவது சீசன் இரண்டுக்குமே 'மெடிச்சி: தி மக்னிஃபிசென்ட்' என்றுதான் தலைப்பு. இரண்டையும் கலந்து கொடுத்து மூன்று சீசனும் முடிந்தது என்று சொல்லிவிடுவது சுலபம். சீசனுக்கு 8 பகுதி, மொத்தம் 24. சப்டைட்டில் இயந்திரம் எழுதியதாக இருக்கும், பெயர்கள் ஒவ்வொரு காட்சியிலும் ஒவ்வொரு விதமாக வரும். பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணுக்கு இதைவிடக் கெடுதல் வேண்டாம். உங்கள் ஊரில் முறையாகச் சந்தா கட்டிப் பார்க்கும் தளம் எதிலாவது இருந்தால் பாருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள், பாடப்புத்தகம் போதும்.

சரி, கருத்துகளுக்கு வருவோம். முதல் சீசன் கோசிமோவின் கதை. 1429-ல் ஜொவான்னி இறப்பதில் தொடங்கி, கோசிமோ நாடு கடத்தப்பட்டு 1434-ல் திரும்பி வருவது வரை. அடுத்த இரண்டும் அவருடைய பேரன் லொரென்சோவின் கதை. நடிகர்களும் மாறிவிட்டார்கள், லொரென்சோவாக வருபவர் டேனியல் ஷார்மன். அதனால் எந்த சீசன் என்று சொல்லாமல் 'சூப்பர்' என்றோ 'குப்பை' என்றோ எழுதியிருந்தால் அந்தக் கருத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். ஒருவர் மேடனைப் புகழ்கிறார், மற்றவர் லொரென்சோவை மகானாக்கிவிட்டார்கள் என்று திட்டுகிறார். இரண்டு பேரும் பேசுவது இரண்டு வேறு கதைகளைப் பற்றி.

வரலாற்றைக் கெடுத்துவிட்டார்கள் என்ற குறையில் உண்மை இருக்கிறது. முதல் பகுதியிலேயே ஜொவான்னியை விஷம் வைத்துக் கொன்றுவிடுகிறார்கள், யார் கொன்றது என்ற தேடல்தான் சீசன் முழுக்க ஓடுகிறது. அது கதாசிரியர்கள் சேர்த்த கற்பனை. விஷ பயம் பதிவாகியிருக்கும் இடம் வேறு. 1433 செப்டம்பரில் எதிரிகள் கோசிமோவைப் பிடித்து நகர ஆட்சி நடந்த அரண்மனையின் கோபுரத்தில் ஒரு சின்ன அறையில் அடைத்தார்கள். சாப்பாட்டில் எதையாவது கலந்துவிடுவார்கள் என்று பயந்து, நாலு நாளைக்குக் கொஞ்சம் ரொட்டி தவிர எதையும் தொடவில்லை. கடைசியில் காவலரே கூட உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டிய பிறகுதான் சாப்பிட்டார் என்று அடுத்த நூற்றாண்டில் ஃபுளோரன்ஸ் வரலாற்றை எழுதிய மாக்கியவெல்லி சொல்லியிருக்கிறார். நகர ஆட்சிக்குத் தலைவராக இருந்த 'நீதித் தலைவருக்கு' ஆயிரம் ஃபுளோரின் தங்கக் காசு கொடுத்துத்தான் தலை தப்பி, நாடு கடத்தலோடு முடிந்தது. இதைவிட என்ன திரைக்கதை வேண்டும்?

ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்தையும் கோசிமோவே முன்னின்று கட்டிய மாதிரி காட்டுகிறார்கள். அந்தப் பணி கம்பளி வணிகர் சங்கத்தின் பொறுப்பில் இருந்தது. போட்டி அறிவித்தது 1418-ல், கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி வேலையைத் தொடங்கியது 1420-ல், அப்போது ஜொவான்னியே உயிரோடு இருந்தார். மகள் தேர்வில் 'கோசிமோ குவிமாடம் கட்டினார்' என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது சீசன், அதிலிருந்தே தொடங்கலாம். 1478 ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமை, பேராலயத்தில் பூசை நேரத்தில் எதிரிகளான பாட்சி குடும்பத்தார் லொரென்சோவையும் தம்பி ஜூலியானோவையும் தாக்கியதை நோக்கி அந்தக் கதை போகிறது. ஜூலியானோ கோயிலுக்கு வரும் வழியிலேயே சதிகாரர்கள் அவரைக் கட்டிப்பிடித்து, உடைக்குள் கவசம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்ததாக எழுதிவைத்திருக்கிறார்கள். ஜூலியானோ அங்கேயே கொல்லப்பட்டார், உடம்பில் 19 காயம். லொரென்சோ கழுத்தில் வெட்டுப்பட்டு, பேராலயத்தின் பக்க அறைக்குள் ஓடித் தப்பினார். அதற்குப் பிறகு நடந்த பழிவாங்கலில் ஏறக்குறைய 80 பேர் கொல்லப்பட்டார்கள். மெடிச்சிகள் நல்லவர்கள், எதிரிகள் கெட்டவர்கள் என்ற கோட்டிலேயே தொடர் போகிறது என்று குறை சொல்கிறவர்கள் இந்த இடத்தில் நியாயமாகத்தான் பேசுகிறார்கள். ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் பாடப்புத்தகத்தைத் திறந்து ஆண்டையும் பெயரையும் ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபுளோரன்ஸ் என்று காட்டும் தெருக்களில் பல ஃபுளோரன்ஸ் இல்லை. பியென்சா, மோந்தேபுல்சானோ, வோல்டெர்ரா போன்ற தஸ்கனி ஊர்களிலும் எடுத்திருக்கிறார்கள். கட்டடக்கலைக் கேள்விக்குத் தொடரின் படங்களை வைத்துக் குறிப்பு எடுக்க வேண்டாம்.

மகன் விஷயம். படுக்கையறைக் காட்சிகள் இருக்கின்றன, கத்திக்குத்து, தூக்கு எல்லாம் வெளிப்படையாகவே வருகின்றன. எட்டாம் வகுப்புப் பையனுக்கு இப்போது வேண்டாம். மகளோடு நீங்கள் உட்கார்ந்து பாருங்கள்.