சம்பூர் அக்காவுக்கு எட்டு மாதமாக நித்திரை இல்லை

கேள்வி: என் அக்காவின் 9 வயது மகன் டெங்குவில் போய் எட்டு மாதம். அத்தான் மூன்றாம் கிழமையே கடலுக்குப் போய்விட்டார். அக்கா நித்திரை கொள்வதில்லை. “படிச்ச, வசதியான சனமெண்டால் தேறியிருக்கும்” என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை, தங்கச்சி. டென்மார்க் வசதியான நாடு, வைத்தியமும் இலவசம். அங்கே 2005இல் வெளிவந்த ஆய்விலும், பிள்ளையை இழந்தவர்கள் மனநோய்க்காக ஆஸ்பத்திரியில் சேருவது மற்றப் பெற்றோரைவிட அதிகமாக இருந்தது. தகப்பனைவிடத் தாய்க்கு அதிகம், முதல் வருடம்தான் மோசம்.

வறுமை பறிப்பது அழுவதற்கான நேரத்தை. 2006இல் போரால் இடம்பெயர்ந்து, பல வருடம் கழித்துத் திரும்பிய ஊர் உங்கள் சம்பூர். வீடு, வள்ளம், எஞ்சின் என்று கடனில்லாத வீடு குறைவு. நுண்கடன்காரர் துக்க வீடென்று பார்ப்பதில்லை. அத்தான் கடலுக்குப் போனது அதனால்தான் இருக்கும். அக்காவுக்கோ அவருக்குக் கவலையே இல்லாததுபோல் படும். “காசிருந்தால் கொழும்புக்குக் கொண்டுபோயிருக்கலாமே” என்ற குற்றவுணர்ச்சி வேறு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, உள்ளேயே அரிக்கும்.

இந்த நேரத்தில்தான் குறி சொல்பவர் வாசலுக்கு வருவார். “பிள்ளை இன்னும் வீட்டைச் சுற்றுது” என்பார், பரிகாரத்துக்குக் காசு கேட்பார். தாலிக்கொடியை அடகு வைத்த தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கிளினிக்கில் முன்னுக்கு விடுகிறேன் என்று வரும் புரோக்கருக்கும் அப்படியே. அரச ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக் இலவசம். துண்டில்லாமல் பாமசியில் நித்திரைக் குளிசை வாங்கவே வேண்டாம்.

எட்டு மாதமென்றதும் நோயென்று முத்திரை குத்தவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் நீடித்த துக்கத்துக்கு ஆறு மாதம் என்று ஒரு கோடு போட்டிருக்கிறது. அதைத் தாண்டியவர் எல்லாம் நோயாளி என்பதல்ல அதன் பொருள். உடுப்பை மடித்து வைத்திருப்பது நோயல்ல. பள்ளிக்கூட மணி கேட்டு அழுவது நோயல்ல. திவசம் நெருங்க மறுபடி உடைவதும் நோயல்ல. சமைக்க, குளிக்க, மற்றப் பிள்ளையைப் பார்க்க முடியாமல் நாட்கள் போனால் காட்டத்தான் வேண்டும். நித்திரையே இல்லையென்கிறீர்கள், ஆகவே இப்போதே காட்டுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

விடிய பஸ் பிடித்து, நம்பர் எடுத்து, ஐந்து நிமிடம் வைத்தியரைப் பார்க்க ஒரு நாள் உழைப்புப் போகும். அடுத்த முறை வராவிட்டால் “ஒழுங்காக வருவதில்லை” என்று எழுதி வைப்பார்கள். எரிச்சல்தான் வருகிறது. முதல் தடவை அக்காவோடு நீங்கள் போங்கள். அத்தானையும் பிறகு கூட்டிப்போக வேண்டும், வாடைக்காலத்தில் எப்படியும் வள்ளம் கரையில்தானே கிடக்கும்.