எதிரணி சொன்னதை முதலில் சொல்லட்டும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். தஞ்சை மாவட்டத்தில் அரசு உதவி பெறும் ஆண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராக இருக்கிறேன். இலக்கிய மன்றப் பொறுப்பும் என்னிடம்தான். பேச்சுப் போட்டி என்றால் ஆறாம் வகுப்பிலிருந்து அதே நான்கு பையன்கள்தான் வருகிறார்கள். நாங்கள் எழுதிக் கொடுப்பதை ஒப்பித்துப் பரிசும் வாங்கிவிடுகிறார்கள். போன ஆண்டு 'கைப்பேசி மாணவர்க்கு வரமா சாபமா' என்று விவாதம் வைத்தோம். தீர்ப்புச் சொன்னதும் ஒரே கூச்சல். சாயங்காலம் வாசலுக்கு வெளியே இரண்டு பையன்கள் சட்டையைக் கிழித்துக்கொண்டார்கள். இனி விவாதமே வேண்டாம், யாரையாவது அழைத்துப் பேச வைத்தால் போதும் என்கிறார் தலைமையாசிரியர். அடுத்த மாதம் மன்றத் தொடக்க விழா. நீங்கள் வந்து 800 மாணவர்களிடம் ஒரு மணி நேரம் பேச்சுக்கலை பற்றிப் பேச வேண்டும். விவாதத்தை நிறுத்துவது சரிதானா என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
தமிழாசிரியர் ஒருவர்

---

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். விவாதத்தை நிறுத்தாதீர்கள். தலைமையாசிரியரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டினாலும் சரிதான்.

அணிகளை எப்படிப் பிரித்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பல பள்ளிகளில் 'அ' பிரிவு ஒரு பக்கம், 'ஆ' பிரிவு மறுபக்கம். இல்லாவிட்டால் யாருக்கு எது பிடிக்கிறதோ அந்தப் பக்கம் பெயர் கொடுப்பார்கள். எப்படியும் கூட்டாளிகள் ஒன்றாகச் சேர்ந்துவிடுவார்கள். தீர்ப்பு வந்ததும் 'நம்ம க்ளாஸ் தோத்துட்டு' என்றுதான் அவர்கள் காதில் விழும். அப்புறம் வாசலில் சட்டை கிழியாமல் என்ன செய்யும்?

சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பக்கத்தைப் பிரியுங்கள். பள்ளி மாணவர்களுக்கான உலக விவாதப் போட்டி 1988இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. அதில் ஒரு சுற்றில் அணிக்கு மூன்று பேர் பேசுவார்கள், ஆளுக்கு 8 நிமிடம். முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் விட்டுவிட்டு, இடைப்பட்ட நேரத்தில் எதிரணிக்காரர் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கலாம். பேசுகிறவர் ஏற்றுக்கொள்ளலாம், உட்காரவும் சொல்லலாம். எந்தப் பக்கம் பேசுவது என்பது மட்டும் பேசுகிறவர் கையில் இல்லை. இன்று கைப்பேசி வரம் என்று பேசிய பையன் அடுத்த வாரம் சாபம் என்று பேச வேண்டி வந்தால், அந்த வாதத்தைத் தன் மானத்தோடு சேர்த்து முடிந்துகொள்ள மாட்டான்.

இதற்கு மேல் நான் ஒரே ஒரு விதி சேர்ப்பேன். மறுத்துப் பேச எழுகிற பையன், எதிரணிக்காரன் சொன்னதை முதலில் தன் வாயால் சொல்ல வேண்டும். 'ஆமா, நான் அதைத்தான் சொன்னேன்' என்று எதிரில் இருப்பவன் தலையாட்டிய பிறகுதான் மறுப்பு. தலையாட்டாவிட்டால் திரும்பவும் சொல்ல வேண்டும்.

இது வெளியிலிருந்து வந்த சரக்கு இல்லை. நீங்கள் நன்னூல் நடத்துகிறவர். பாயிரத்தில் நூல் செய்கிறவனுக்கு எழுவகை மதம், அதாவது ஏழு வகைக் கொள்கை, வருகிறதே, உடன்படல், மறுத்தல் என்று தொடங்கி மூன்றாவதாக 'பிறர்தம் மதம்மேற் கொண்டு களைவே' என்று பவணந்தியார் வைக்கிறார். பிறர் கொள்கையை முதலில் ஏற்று நின்று, அப்புறம் களைவது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிற சமயக் கொள்கைகளை மறுக்கிற பரபக்கம் என்னும் பகுதி முழுக்க இந்த முறையில்தான் போகிறது. கண்ணால் காண்பதே உண்மை என்கிற உலகாயதன் என்ன சொல்கிறான் என்பதை அவன் தரப்பிலிருந்தே அருணந்தி சிவாசாரியார் எடுத்து வைப்பார். மறுப்பு அதற்குப் பின்புதான். சைவர் அல்லாதவன் என்ன நினைக்கிறான் என்று தெரிந்துகொள்ளக்கூட அந்த நூலைப் படிக்கலாம், அவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார். தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தைப் பார்த்து வளர்ந்த பையன்களுக்கு இந்தப் பழக்கம் நம்முடையது என்பதே தெரியாது. அவர்கள் பார்ப்பது கைதட்டலும் நடுவரின் நகைச்சுவையும்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கிராமத்துப் பள்ளியில் இந்த விதியை வைத்து நடத்திப் பார்த்தேன். தலைப்பைப் பையன்களே சொன்னார்கள்: ஊர் ஏரியை மீன் பிடிக்கக் குத்தகைக்கு விடலாமா கூடாதா. விடக்கூடாது என்று பேசியவன் ஒன்பதாம் வகுப்பு, விவசாய வீட்டுப் பையன். குத்தகைக்காரர் மீன் பிடிக்கத் தண்ணீரை வடித்துவிட்டதையும் தன் வீட்டு வயல் காய்ந்ததையும் தொண்டை அடைக்கச் சொல்லி முடித்தான். மறுக்க எழுந்த பையன், 'தண்ணி வீணாப்போகுதுன்னு சொல்றான்' என்றான். முதல் பையன் இல்லை என்று தலையை அசைத்தான். 'மீன்காரங்க தண்ணியை வடிக்கிறாங்கன்னு சொல்றான்.' அதற்கும் இல்லை. கூட்டத்தில் சிரிப்புக் கிளம்பியது. நின்றிருந்தவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். கையில் இருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு சொன்னான்: 'கதிர் வந்த பிறகு ஒரே ஒரு தண்ணி பாஞ்சிருந்தா அவங்க வயல் தப்பிச்சிருக்கும். அந்தத் தண்ணியைத்தான் திறந்து விட்டுட்டாங்க.' முதல் பையன் தலையாட்டினான். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கிவிட்டார்கள்.

அதற்கு மேல் அந்தப் பையனால் தான் எழுதி வந்ததைப் பேச முடியவில்லை. தாளில் இருந்தது ஊராட்சிக்கு வருமானம், வேலைவாய்ப்பு என்கிற வழக்கமான வரிகள். அவன் பேசியது வேறு. குத்தகை இருக்கட்டும், ஆனால் அறுப்பு முடிகிறவரை மதகுச் சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்று கேட்டான். அன்றைக்கு யார் ஜெயித்தது என்று எனக்கு நினைவில்லை. மதகுச் சாவி மட்டும் நினைவிருக்கிறது.

சரி, அந்த நான்கு பையன்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். தேவாரமும் குறளும் ஏட்டில் மட்டுமல்ல, மனப்பாடத்திலும்தான் நம் வரைக்கும் வந்திருக்கின்றன. தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்களின் பிறந்தநாளை ஒட்டி மாவட்ட அளவில் நடத்தும் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு 5,000 ரூபாய். அது ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெரிய தொகை என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் வாக்கியம் பையனுடையதாக இருக்கட்டும். நீங்கள் எழுதிக் கொடுப்பதற்குப் பதிலாக, அவனை மைதானத்தைச் சுற்றி நடக்க வைத்துப் பேசச் சொல்லுங்கள். நீங்கள் கூடவே நடந்து அவன் வாயில் வந்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். பிழையை மட்டும் திருத்தித் தாளை அவனிடம் கொடுங்கள். பேசி முடித்ததும் மேடையிலேயே ஒரு கேள்வி கேளுங்கள். பதிலுக்கும் மதிப்பெண் உண்டு என்று சொல்லிவிட்டால், ஒப்பிக்கிறவன் தானாகவே படிக்கத் தொடங்குவான்.

மற்ற பையன்கள் ஏன் வருவதில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். ஆறாம் வகுப்பில் எல்லாரும் கை தூக்குவார்கள். எட்டு, ஒன்பது வரும்போது கை இறங்கிவிடும். குரல் உடைகிற வயது அது. குரல்வளை பெரிதாகி, குரல்நாண்கள் நீண்டு தடித்து, குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. இறங்குகிற அந்த மாதங்களில் எங்கே கீச்சிடும் என்று அவனுக்கே தெரியாது. நான் ஒன்பதாம் வகுப்பில் சுதந்திர தின விழாவில் பேசினேன். 'வீரத் தியாகிகளே' என்று ஓங்கிச் சொன்ன இடத்தில் குரல் பிளந்தது. மைதானம் முழுக்கச் சிரித்தது. மேடையில் இருந்த ஆசிரியர்களும் சிரித்தார்கள். பிறகு பள்ளி முடியும்வரை நான் மைக்கைத் தொடவே இல்லை. ஒரே ஓர் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, 'உன் தொண்டை வளருதுப்பா, ஆறு மாசம் பொறு' என்று சொல்லியிருந்தால் போதும், நான்கு ஆண்டுகள் வீணாகியிருக்காது.

உங்கள் பையன்களிடம் அதை நீங்கள் சொல்லுங்கள். அறிவியல் ஆசிரியரை வைத்து மன்றக் கூட்டத்திலேயே சொல்லலாம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்கு மேடையும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். பத்துப் பையன்கள் வேப்ப மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு நிமிடம் தன் வீட்டில் நடக்கிற வேலை ஒன்றைப் பற்றிப் பேசட்டும். கத்தத் தேவை இல்லாத இடத்தில் குரல் உடைந்தாலும் பெரிதாகத் தெரியாது. பேச்சு என்றால் குரலை உயர்த்துவது என்ற எண்ணமும் போகும். உங்கள் பக்கத்து ஊரான வலங்கைமானில் 1869இல் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் 'வெள்ளி நாக்கு' என்று உலகெங்கும் பெயர் வாங்கியவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். அவர் பேச்சுக்குப் புகழ் வந்தது சொல்லின் துல்லியத்தால். உங்கள் பையன்களுக்கு அவர் பெயராவது தெரிய வேண்டும்.

இன்னொன்று. ஆண்கள் பள்ளி விவாதங்களில் மனைவியையும் மாமியாரையும் கிண்டல் செய்து கைதட்டல் வாங்குவதை நிறையப் பார்த்துவிட்டேன். கேட்பதற்குப் பெண்கள் யாரும் இல்லாததால் பையன்களுக்கு அது தப்பாகவே தெரிவதில்லை. சிறப்பு விருந்தினராகப் பெண்களை அழையுங்கள். கிராம நிர்வாக அலுவலர், செவிலியர், நாற்று நடவுக்கு ஆள் சேர்த்து வேலை வாங்குகிற அம்மா, இவர்களிடம் உங்கள் பையன்கள் கேட்க எத்தனையோ இருக்கின்றன.

விருந்தினர் உரையைப் பற்றி உங்கள் தலைமையாசிரியர் நினைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. விவாதத்தை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் உரையை வைத்தால், பதில் சொல்ல வேண்டியவர்களைச் சும்மா உட்கார வைத்ததாகும். 2024இல் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில், விருந்தினராக வந்தவர் உடற்குறைக்கு முற்பிறவிப் பாவம்தான் காரணம் என்கிற மாதிரி பேசினார். பார்வை மாற்றுத்திறனாளியான ஓர் ஆசிரியர் எழுந்து மறுத்துக் கேட்டார். அந்தக் காணொளியை நாடே பார்த்தது. அந்த ஆசிரியர் எழுந்திருக்காவிட்டால் அத்தனை பிள்ளைகளும் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். எழுந்து கேட்கிற அந்தப் பழக்கத்தை விவாதத்தில்தான் கற்றுக்கொடுக்க முடியும். அப்துல் கலாம் பள்ளிகளுக்குப் போனால் மாணவர்களின் கேள்விக்கு நேரம் ஒதுக்கிவிடுவார். நாட்டின் குடியரசுத் தலைவரிடம் கேள்வி கேட்க முடிந்த பிள்ளைகள், ஊருக்கு வருகிற எழுத்தாளரிடம் கேட்க முடியாதா?

நான் வருகிறேன். 800 பேரை வெயிலில் உட்கார வைக்க வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு ஒரு பிரிவு, நாற்பது ஐம்பது பேர், ஒரு வகுப்பறை போதும். சால்வை, நினைவுப் பரிசுக்குச் செலவு செய்யாதீர்கள், அந்தப் பணத்தில் மன்றத்துக்கு ஓர் அகராதி வாங்குங்கள். நான் இருபது நிமிடம் பேசுகிறேன், மீதி நேரம் அவர்களுடையது. ஒரு வாரம் முன்பே கேள்விகளை அவரவர் கையெழுத்தில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பிழை இருந்தால் இருக்கட்டும், நீங்கள் திருத்த வேண்டாம்.

வாசலில் சண்டை போட்ட இரண்டு பையன்களும் அன்று வர வேண்டும். ஒருவன் வரவேற்புரை, இன்னொருவன் நன்றியுரை. நன்றியுரை சொல்கிறவன் நான் பேசியதில் தனக்கு ஒப்பாத ஒன்றை எடுத்து, நான் தலையாட்டுகிற மாதிரி திருப்பிச் சொல்லட்டும். அப்புறம் மறுக்கட்டும். அவன் முடிக்கிற வரைக்கும் நான் உட்கார்ந்திருப்பேன், கடைசிப் பேருந்து போனாலும் பரவாயில்லை.

அன்புடன்.