செடாரில் பூஞ்சை, வீட்டில் கர்ப்பிணி

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் மகன் குடும்பத்தோடு இருக்கிறோம். மருமகளுக்கு ஆறாம் மாதம். அலுவலக விருந்தில் மீந்தது என்று மகன் செடார் சீஸ், பிரீ என்ற மென்மையான சீஸ், நீலக் கோடு ஓடும் சீஸ் ஒன்று, நீரில் மிதக்கும் மொஸரெல்லா எல்லாம் கொண்டுவந்தான். மொஸரெல்லா தவிர மற்றதை ஒரே டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தேன். பத்து நாளில் செடாரில் பச்சைப் பூஞ்சை. அந்த இடத்தை வெட்டிவிட்டு மிச்சத்தைக் கணவருக்கு ரொட்டியில் வைத்துக் கொடுத்தேன். அவருக்கு ஏதும் ஆகுமா? மருமகள் மற்றதைச் சாப்பிடலாமா? எப்படி வைத்தால் கெடாது?

பதில்: உங்கள் கணவரைப் பற்றிப் பயம் வேண்டாம். செடார், பார்மசான் போன்ற கெட்டிச் சீஸில் ஈரம் குறைவு. பூஞ்சை ஆழமாக வேர்விடாது. தெரியும் இடத்தைச் சுற்றியும் அடியிலும் இரண்டரை சென்டிமீட்டர் வெட்டி எறிந்தால் மிச்சத்தைச் சாப்பிடலாம். கத்தி மட்டும் பூஞ்சையில் படக்கூடாது. துருவிய சீஸ், கிரீம் சீஸ், மொஸரெல்லா ஆகியவற்றில் பூஞ்சை கண்டால் முழுவதும் குப்பைக்குத்தான். ஈரத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும்.

என் கவலை அந்த பிரீ மீதுதான். லிஸ்டீரியா என்றொரு கிருமி இருக்கிறது. பெரும்பாலான கிருமிகள் குளிரில் முடங்கும். இது ஃப்ரிட்ஜுக்குள்ளும் மெதுவாகப் பெருகும். ஈரம் அதிகமாகவும் புளிப்பு குறைவாகவும் உள்ள பிரீ, கமம்பேர், நீலச் சீஸ் போன்றவை இதற்கு வசதியான இடம். வாசனை மாறாது, நிறமும் மாறாது. 'முகர்ந்து பார்த்தேன் டாக்டர், நல்லாத்தான் இருந்துச்சு' என்று சொல்லாத நோயாளியை நான் பார்த்ததே இல்லை! தாய்க்கு லேசான காய்ச்சலோடு போய்விடலாம். வயிற்றுப் பிள்ளைக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதோடு அந்தச் சீஸ் விருந்து மேசையில் எத்தனை மணி நேரம் இருந்ததோ? வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. நம் ஊர் மதிய வெயிலில் திறந்தவெளி என்றால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. ஆகவே பிரீயையும் நீலச் சீஸையும் மருமகளுக்குத் தரவே வேண்டாம். பத்து நாளான மொஸரெல்லாவையும் எறிந்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டாரா? உடம்பு நன்றாக இருந்தால் பரிசோதனை எதுவும் தேவையில்லை. ஆனால் அறிகுறி வர இரண்டு மாதம்கூட ஆகலாம். அதற்குள் காய்ச்சலோ உடல்வலியோ வந்தால் சாதாரணச் சளி என்று விடாமல் மகப்பேற்று மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். சீஸ் சாப்பிட்டதையும் மறக்காமல் சொல்லட்டும். சீஸ் பராட்டாவுக்கு ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். ஆவி பறக்கச் சூடேறிய சீஸில் இந்தக் கிருமி பிழைக்காது. பாஸ்ச்சரைஸ் செய்த (கிருமி சாகச் சூடாக்கிய) பாலில் ஆன செடாரும் பதப்படுத்திய சீஸ் துண்டும் அவருக்குப் பரவாயில்லை.

சரி, வைக்கும் விதம். ஃப்ரிட்ஜ் கதவு வேண்டாம். திறக்கும் போதெல்லாம் வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையின் வெக்கை முதலில் அங்கேதான் படும். உள்தட்டில், 4 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் வையுங்கள். பச்சைக் கோழிக்கு மேல்தட்டில் இருக்கட்டும், கீழே வேண்டாம். கெட்டிச் சீஸை பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றினால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கேக் சுடும் காகிதத்தில் சுற்றி, பிறகு டப்பாவில் போடுங்கள். நீலச் சீஸுக்குத் தனி டப்பா. அதன் நீலம் தயாரித்தவர்கள் வேண்டுமென்றே சேர்த்த பூஞ்சை, ஆனால் பக்கத்துச் சீஸுக்குத் தாவும். உங்கள் செடாருக்கு அங்கிருந்தே வந்திருக்கலாம். மொஸரெல்லாவையும் ஃபெட்டாவையும் அவை வந்த நீரிலேயே விட்டுவையுங்கள். பிரித்த மொஸரெல்லாவை இரண்டு மூன்று நாளில் முடித்துவிட வேண்டும்.

செடார் அதிகமாக இருந்தால் துருவி ஃப்ரீசரில் போடலாம். உறைந்தால் உதிரியாகிவிடும், ரொட்டிக்கு வெட்ட வராது. ஆனால் தோசைக்கல்லில் அப்படியே தூவ அதுதான் வசதி.