அடீனியக் கன்றுகள் அடியில் சாய்கின்றன: எந்தப் பசளை, எவ்வளவு, எப்போது?

வன்னியின் மல்லாவியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "புரட்டாதியில் இணையத்தில் வாங்கிய அடீனிய (பாலைவன ரோசா) விதைகளையும், செம்பர்விவம் என்று எழுதியிருந்த இன்னொரு பைக்கற் விதையையும் யோகட் கப்புகளில் போட்டேன். அடீனியம் ஒரு கிழமைக்குள் முளைத்துவிட்டது. செம்பர்விவம் ஒன்றிரண்டு தலைகாட்டிவிட்டுக் காணாமல் போனது. கன்றுகள் கெதியாய் வளரட்டும் என்று கப்புக்கு ஒரு கிள்ளு யூரியா போட்டேன். கார்த்திகை மழை தொடங்கியதிலிருந்து ஒவ்வொன்றாய் அடியில் சாய்ந்து விழுகின்றன. எந்தப் பசளையை, எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருதரம் போடவேண்டும்? நன்றாக வந்தால் நாலு கன்று விற்கலாமென்றும் யோசிக்கிறேன்."

உங்கள் கன்றுகள் பசியால் விழவில்லை. ஈரமும் யூரியாவும் சேர்ந்துதான் அவற்றை விழுத்தின. ஆகவே எந்தப் பசளை என்பதற்கு முன், எந்த மாதத்தில் விதைப்பது என்பதைத் தீர்த்துக்கொள்ளவேண்டும். வன்னியில் அடீனியம் மாதிரி, உடம்பில் தண்ணீர் சேர்த்துவைக்கும் சதைப்பற்றுள்ள செடிகளை விதையிலிருந்து எடுக்கிறவர்களுக்கு நாள்காட்டிதான் முதல் மருந்து.

முதலில் விழுந்த கன்று ஒன்றை எடுத்து மண்மட்டத்தில் பாருங்கள். இலை பச்சையாகவே இருக்கும். தண்டு மட்டும் ஓரிடத்தில் நூலளவுக்கு இளைத்து, நீர் கோத்து, பழுப்பாகியிருக்கும். இது மிளகாய் நாற்றுமேடையில் எல்லாரும் கண்ட நாற்றுமடிதல்தான். பிதியம், ரைசொக்ரோனியா முதலிய நுண்ணுயிர்கள் ஈரமண்ணில் பெருகி இளந்தண்டை அரிக்கின்றன. சாய்ந்த கன்றைக் காப்பாற்ற வழியில்லை. அதை மண்ணோடு எடுத்து வீசிவிடுங்கள், கப்பையும் திரும்பப் பாவிக்காதீர்கள். மிச்சக் கன்றுகளை இன்றைக்கே மழைச்சாரல் படாத தாழ்வாரத்துக்கு மாற்றி, ஒன்றோடொன்று ஒட்டாமல் காற்றோட்டமாய் வையுங்கள். மேல்மண் காய்ந்து நிறம் வெளிறும்வரை தண்ணீர் விடவேண்டாம். தை பிறக்கும்வரை எந்தப் பசளையும் வேண்டாம். உயிரோடிருக்கும் கன்றின் அடியை இரண்டு விரலால் மெதுவாய் அமுக்கிப் பார்த்தால் நிலைமை தெரிந்துவிடும்: இறுக்கமாயிருந்தால் பிழைக்கும், மெத்தென்று அமுங்கினால் உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது.

யூரியாவின் கணக்கைச் சொல்லியே ஆகவேண்டும். வயல் செய்கிற வீட்டில் அது எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்தான் இவ்வளவு கன்றுகள் பாழாகின்றன. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். விரலால் எடுக்கும் ஒரு கிள்ளு அரைக் கிராம் என்று வைத்தாலும் அதில் 230 மில்லிகிராம் நைதரசன் இருக்கிறது. சின்னக் கன்றுக்கு நான் சொல்லப்போகும் கரைசலில் லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் இருக்கும். அதாவது நாலரை லீற்றருக்கும் மேற்பட்ட கரைசலின் நைதரசனை, ஒரு கைப்பிடி மண்கூட இல்லாத கப்புக்குள் ஒரே நாளில் போட்டிருக்கிறீர்கள். சூடான ஈரமண்ணில் யூரியா சில நாட்களுக்குள் அமோனியாவாக மாறும். மயிரளவு வேர்களை அது சுட்டுவிடும். சுடாமல் தப்பிய கன்றும் நைதரசன் மிஞ்சினால் மெலிந்து நீண்டு தண்டு இளகிப்போகும், அந்த இளகிய தண்டைத்தான் அழுகல் முதலில் பிடிக்கும். நெல்லுக்கு ஏற்றது இந்தக் கப்புக்கு ஏற்றதல்ல.

செம்பர்விவத்தைப் பற்றி ஒரே பேச்சு: விட்டுவிடுங்கள். அது ஐரோப்பிய மலைகளின் செடி. பனியும் உறைகுளிரும் தாங்கும், ஆனால் புழுங்கும் இரவைத் தாங்காது. பைக்கற்றில் எதையும் தாங்கும் என்று எழுதியிருந்தால் அது பனியைத் தாங்கும் என்பதற்கு எழுதியது. எவ்வளவு பக்குவம் பார்த்தாலும் மல்லாவி வெக்கையில் அது நிலைக்காது. அடீனியத்தின் ஊரோ சகாராவுக்குத் தெற்கேயுள்ள வறண்ட ஆபிரிக்காவும் அரேபியாவும். நம் பங்குனி வெயில் அதற்குச் சொந்த ஊர் வெயில். கற்றாழை, மருள், கிறிஸ்து முள், பத்துமணிப்பூ எல்லாமே இங்கே தாராளமாய் வரும், ஆனால் அவற்றை விதையிலிருந்து எடுத்து மினக்கெடத் தேவையில்லை. கற்றாழைக்கும் மருளுக்கும் பக்கக்கன்று, மற்ற இரண்டுக்கும் தண்டுத் துண்டு போதும். வேலியில் நிற்கும் பிரண்டைக்கும் சதுரக்கள்ளிக்கும் யார் பசளை போட்டார்கள்? இந்தக் குடும்பங்கள் குறைவில் வாழப் பழகியவை, கன்றாயிருக்கும்போதும் அப்படித்தான்.

இனி நாள்காட்டி. வன்னிக்கு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் வருகிறது. 2020 டிசம்பர் 2இல் புரெவி புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரையேறியபோது மழை நாட்கணக்கில் பெய்தது. புயல் வராத வருடத்திலும் கார்த்திகையில் ஒரு கிழமை சூரியனைக் காணாமல் இருப்பது இங்கே வழக்கம். புரட்டாதியில் விதைத்தால், கன்று மிகவும் மென்மையாயிருக்கும் மாதத்திலேயே அந்த மழைக்குள் மாட்டும். பொங்கல் முடிந்து, தைக் கடைசியிலோ மாசியிலோ விதைத்தால் மழைக்கு முன் எட்டு மாதம் கையிலிருக்கும். ஐப்பசி வரும்போது அடிக்கிழங்கு பருத்து இறுகியிருக்கும். அந்தக் கன்றைக் கூரையோரத்தில் வைத்தாலே மாரியைத் தாண்டிவிடும்.

விதை புதிதாயிருக்கவேண்டும். அடீனிய விதை மாதக்கணக்கில் கிடந்தால் முளைதிறன் குறைந்துவிடும். நல்ல விதை விரலுக்கிடையில் உருட்டும்போது கெட்டியாயிருக்கும், பதர் அமுக்கியவுடன் தட்டையாகிவிடும். அயலில் யாருடைய செடியிலாவது கொம்பு மாதிரி இரட்டைக் காய் பிடித்திருந்தால், வெடிக்க முன்னமே அதை நூலால் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள். விதையின் இரண்டு முனையிலும் பஞ்சு இருப்பதால் காய் வெடித்த அன்றே காற்றோடு போய்விடும்.

மண்கலவைக்குக் கடை தேடவேண்டாம். இரண்டு பங்கு பருமணல், ஒரு பங்கு உமிக்கரி, அரைப் பங்கு தும்புச்சோறு, அரைப் பங்கு நன்றாய் உக்கிய கூட்டெரு. மணல் ஆற்றுமணலாயிருக்கட்டும், அரித்துத் தூளை நீக்குங்கள். கடல்மணல் உப்பு, கூடவே கூடாது. உமி அரிசி ஆலையில் கிடைக்கும். பச்சை உமியாய்ப் போட்டால் அது உக்கும்போது கன்றுக்குரிய நைதரசனைத் தானே எடுத்துக்கொள்ளும், ஆகவே கரியாகும்வரை மட்டும் எரித்துத் தண்ணீர் தெளித்து அணைத்துவிடுங்கள். வெள்ளைச் சாம்பலாக விடவேண்டாம். தும்புச்சோற்றை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்தால் அதிலுள்ள உப்பு போகும். கலவையில் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டால் அழுகல் கிருமி பெரும்பாலும் செத்துவிடும். அடுத்த வருடத்துக்கென்றால் சித்திரை வெயிலை விடுவானேன்? ஈரப்படுத்திய கலவையை ஒளிபுகும் பொலித்தீனால் இறுக மூடி நாலு முதல் ஆறு கிழமை வெட்டவெளியில் விட்டால் வெயிலே அந்த வேலையைச் செய்துவிடும்.

யோகட் கப் நல்ல பாத்திரம்தான். அடியில் சூடான கம்பியால் நாலைந்து துளையிடுங்கள். விதையைப் படுக்கவைத்து, விதை மறையுமளவு மட்டும் மணல் தூவி, தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதில் கப்பை வையுங்கள். மேல்மண் கறுத்தவுடன் எடுத்துவிடவேண்டும், தட்டிலேயே ஊறவிடக்கூடாது. முளைக்கும்வரை பொலித்தீன் மூடி இருக்கலாம், முளை தெரிந்த அன்றே அது போகவேண்டும். சதைப்பற்றுச் செடிதானே என்று முதல் மாதத்தில் முழுதாய்க் காயவிடுகிறவர்களும் உண்டு, அதுவும் பிழை. வளர்ந்த செடியில் சேர்ந்திருக்கும் தண்ணீர் இந்தக் குழந்தைக்கு இல்லை. மேல்மண் காய்ந்து, உள்ளே இலேசான ஈரம் இருக்கிற நிலைதான் தேவை. வைகாசிக்குப் பிறகு சோழகக் காற்று வீசும் நாட்களில் ஒரு கப் ஒரே பகலில் காய்ந்துவிடும், அப்போது காலையும் மாலையும் பார்க்கவேண்டும். கிடுகின் இடுக்கால் வருகிற வெயிலோ, பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலையோ முதல் இரண்டு மாதத்துக்குப் போதும். பிறகு காலை வெயிலில் தொடங்கி, இரண்டு மூன்று கிழமைக்குள் முழு வெயிலுக்குப் பழக்குங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட பசளை. முளைத்தவுடன் கன்று வித்திலைகளிலும் அடித்தண்டிலும் உள்ள சேமிப்பில் வாழ்கிறது, வெளியிலிருந்து எதுவும் கேட்காது. உண்மையான இலை இரண்டு சோடி விரிந்தபிறகு, ஏறத்தாழ ஒரு மாதத்தில், முதல் பசளை. 20-20-20 என்று எழுதிய (நைதரசன், பொசுபேற்று, பொற்றாசு மூன்றும் நூற்றுக்கு 20 பங்கு வீதம்), தண்ணீரில் முழுதாய்க் கரையும் தூள் விவசாயக் கடைகளில் கிடைக்கும். வளர்ந்த செடிக்கு வழக்கமாய் லீற்றருக்கு 1 கிராம், கன்றுக்கு அதில் காற்பங்கு. காற்கிராமை வீட்டில் யாரும் நிறுக்கமுடியாது, ஆகவே இப்படிச் செய்யுங்கள்: தட்டையாய் வழித்த ஒரு தேக்கரண்டித் தூள் ஏறக்குறைய 5 கிராம். அதை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துப் போத்தலில் ஊற்றி, மேலே பெயரெழுதி ஒட்டி, பிள்ளைகளின் கை எட்டாத இருட்டான இடத்தில் வையுங்கள். தேவையான அன்று அதில் 50 மில்லிலீற்றர் எடுத்து ஒரு லீற்றர் தண்ணீராக்கினால் காற்கிராம் கணக்கு வந்துவிடும். வீட்டில் மண்ணில்லாப் பயிர்ச்செய்கைக்குப் பாவிக்கும் அல்பேட் கரைசல் தூள் இருந்தால் அதுவும் உதவும், அதன் உறையில் சொன்ன அளவில் காற்பங்கு.

இரண்டு கிழமைக்கு ஒருதரம் போதும். காலையில் முதலில் வெறும் தண்ணீர், அரை மணித்தியாலம் கழித்துப் பசளைத் தண்ணீர். காய்ந்த வேரில் பசளைக் கரைசல் பட்டால், எவ்வளவு மெல்லியதாயிருந்தாலும், இலைநுனி கருகும். மூன்று மாதம் கழித்து லீற்றருக்கு அரைக் கிராமாக்கலாம். புரட்டாதியோடு நிறுத்திவிடுங்கள். மார்கழிக் குளிரில் அடீனியம் இலை கொட்டி நின்றால் அது நோயல்ல, உறக்கம். அப்போது பசளை போட்டால் எடுக்க வேர் வேலை செய்யாது, உப்பாய் மண்ணில் தங்கும்.

மாட்டெரு, ஆட்டெரு? கப்பில் வேண்டாம். ஆறு மாதக் கன்றைச் சாடிக்கு மாற்றும்போது, ஒரு வருடம் கிடந்து மண்வாசம் வந்த எருவைக் கலவையில் பத்திலொரு பங்கு சேர்க்கலாம். தேயிலைச் சக்கை, அரிசி கழுவின தண்ணீர், அடுப்புச் சாம்பல் மூன்றும் வேண்டவே வேண்டாம். முதல் இரண்டும் மண்ணில் புளித்துப் பூஞ்சணத்தையும் சிறு ஈக்களையும் கூட்டிவரும். சாம்பல் காரம், உங்கள் கிணற்றுத் தண்ணீரிலேயே காரம் போதுமளவு இருக்கக்கூடும்.

கிணற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் பசளை போதவில்லை என்று பலர் நினைக்கும் மஞ்சளிப்பு தண்ணீரால் வருவது. கேத்திலின் உள்ளே வெள்ளைப் படிவு பிடிக்கிறதா? அதே கல்சியம் கப்பின் விளிம்பிலும் வெள்ளையாய் ஏறும். மண் காரமாகும்போது இரும்பு அதில் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. அடையாளம்: புதிய இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாய் நிற்கும். பழைய இலை முதலில் ஒரேயடியாய் மஞ்சளித்தால்தான் நைதரசன் குறைவு. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் பசளையைக் கூட்டுவதால் உப்பு இரட்டிப்பாகிறது. மாரியில் கூரைத் தண்ணீரைப் பரலில் மூடிவைத்தால் கப்புகளுக்கு மாசி, பங்குனி முழுக்க வரும். அது இல்லாதவர்கள் மாதம் ஒருதரம் கப்பின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரை மேலிருந்து மெதுவாய் ஊற்றி வடியவிடுங்கள், தேங்கிய உப்பு கழுவுப்படும். பூநகரிப் பக்கம் கிணறு உவர்ப்பாயுள்ளவர்களுக்கு மழைத்தண்ணீரைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பூச்சியில் கவனிக்கவேண்டியது வெண்மூட்டுப் பூச்சி. எறும்பு கன்றில் ஏறி இறங்கினால் இலைக்காம்பின் இடுக்கைப் பாருங்கள். ஈரத் துணியால் துடைத்தாலே கன்றில் அடங்கும். மாரியில் நத்தை, எந்த மாதத்திலும் கோழி: கப்புகளை உயரமான மேசையில் வைப்பதைவிட நல்ல மருந்து இரண்டுக்கும் இல்லை.

விற்பது நல்ல யோசனை. ஆனால் ஒரு மாரியைத் தாண்டிய கன்றை மட்டும் விற்றால் உங்கள் பெயர் நிற்கும். சாடியோடு ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொடுங்கள்: அடீனியத்தின் பால் நஞ்சு, ஆபிரிக்காவில் அம்பு நுனியில் பூசியது. கவாத்துப் பண்ணினால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும், கண்ணில் படக்கூடாது. வெட்டிய கொப்பை ஆடு மேயும் இடத்தில் எறியாமல் குழிதோண்டிப் புதைக்கச் சொல்லுங்கள்.