அமெரிக்காவில் மாநிலக் கருவூலர் பதவியிலிருந்து ஒருவர் பெரிய அரசியல்வாதியாக உயர முடியுமா?

முடியும், ஆனால் அது அரிது. நான் அறிந்தவற்றுள் தெளிவான எடுத்துக்காட்டு டெக்சாஸ் மாநிலத்தின் ஆன் ரிச்சர்ட்ஸ். அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1988 சனநாயகக் கட்சி மாநாட்டில் துணை அதிபர் ஜார்ஜ் புஷ்ஷைக் கேலி செய்து அவர் ஆற்றிய உரையிலிருந்தே தொடங்குகிறார்கள். ஆனால் அந்த மேடைக்கு அவரைக் கொண்டுசென்றதில் கருவூலத்தில் அவர் எடுத்த பெயருக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

1933 இல் பிறந்த ரிச்சர்ட்ஸ், ஆஸ்டின் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். நான்கு பிள்ளைகளின் தாய். பிறருடைய தேர்தல் வேலைகளைச் செய்து பழகியபின், 1976 இல் டிராவிஸ் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஆணையராக வென்றார். 1980 இல் குடிப்பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சை பெற்றார். பின்னாளில் எதிரிகள் அதை எடுத்துப் பேசியபோதும் அவர் அதை மறைக்கவில்லை. 1982 இல், அப்போதைய கருவூலர் பதவி முறைகேட்டுக் குற்றச்சாட்டுக்கு ஆளாகியிருந்த நேரத்தில் அந்தப் பதவிக்குப் போட்டியிட்டு வென்றார். (அந்தக் கருவூலரின் பெயர் வாரன் ஹார்டிங், முன்னாள் அதிபரின் பெயரும் அதுவே.) 1932 இல் மிரியம் ஃபெர்குசன் ஆளுநராக வென்றதற்குப் பிறகு, டெக்சாஸ் முழுவதற்குமான பதவி ஒன்றுக்குத் தேர்தலில் வென்ற முதல் பெண் இவரே.

மாநிலக் கருவூலர் வரி விதிப்பதில்லை, வரவுசெலவுத் திட்டம் வகுப்பதுமில்லை. வரும் பணத்தை வாங்கி, வங்கியில் இட்டு, செலவாகும்வரை முதலீடு செய்து காப்பதே அவர் வேலை. கேட்பதற்குச் சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் வரிக் காசோலை ஒன்று மேசையில் ஒரு நாள் கிடந்தால் ஒரு நாள் வட்டி போயிற்று என்பதால், பெரிய மாநிலம் ஒன்றில் இந்தத் தாமதங்கள் கூடிப் பெருந்தொகையாகிவிடும். ரிச்சர்ட்ஸ் பழைய கைக்கணக்கு நடைமுறைகளை மாற்றிக் கணினிமயமாக்கி, வந்த பணம் விரைவாக வங்கிக்குச் சென்று வட்டி ஈட்டும்படி செய்தார். பெண்களையும் சிறுபான்மையினரையும் அலுவலகத்தில் கூடுதலாகப் பணியமர்த்தினார். புதிய வரி எதையும் போடாமல் அரசுக்கு வருவாய் தேடித் தந்தவர் என்ற பெயர், சிக்கனத்தைப் போற்றும் டெக்சாஸ் வாக்காளர்களிடம் எந்த மேடைப்பேச்சையும்விட நன்றாக எடுபட்டது. 1986 இல் அவர் மீண்டும் கருவூலரானார்.

1990 இல் ஆளுநர் தேர்தலில் நின்றார். (அங்கே ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர், அதிகாரத்தில் நம் முதலமைச்சரோடு ஒப்பிடத்தக்கவர்.) குடியரசுக் கட்சியின் கிளேட்டன் வில்லியம்ஸ் பெரும் செல்வர், தொடக்கத்தில் வெகுவாக முந்தியிருந்தார். ஆனால் பாலியல் வன்முறை குறித்து அருவருப்பான நகைச்சுவை சொன்னதும், பொது நிகழ்ச்சி ஒன்றில் ரிச்சர்ட்ஸுக்குக் கைகொடுக்க மறுத்ததும், 1986 இல் தாம் வருமான வரி கட்டவில்லை என்று ஒப்புக்கொண்டதும் அவரை வீழ்த்தின. எதிராளியின் வாய்த்துடுக்கு இல்லாவிட்டால் ரிச்சர்ட்ஸ் வென்றிருப்பாரா என்பது ஐயமே. 1994 இல், அவர் கேலி செய்த புஷ்ஷின் மகன் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷிடம் தோற்றார். 2006 இல் காலமானார்.

டெக்சாஸில் இன்று இந்த வழியில் யாரும் மேலேற முடியாது. ரிச்சர்ட்ஸுக்குப் பின் கருவூலரான கே பெய்லி ஹட்சிசன் 1993 இல் செனட்டுக்குச் சென்றதும், அந்த இடத்தில் ரிச்சர்ட்ஸ் நியமித்த மார்த்தா வைட்ஹெட், இப்படியொரு தனிப் பதவியே தேவையில்லை என்று தாமே பிரசாரம் செய்து, 1994 தேர்தலிலும் வென்றார். அடுத்த ஆண்டு வாக்காளர்கள் அதற்கு ஒப்புதல் அளிக்க, 1996 இல் கருவூலத்தின் பணிகள் அனைத்தும் மாநிலக் கணக்குத் தலைவரின் அலுவலகத்தோடு சேர்க்கப்பட்டன.